எட்டாம் மாதம் என்று பொறித்த வாள்

எடோ
கன்பூன் ஆறாம் ஆண்டு, முதல் மாதம் 20

அன்புள்ள ஹெய்ஷிரோ அண்ணாவுக்கு மிட்சு எழுதுவது.

பிசென் பக்கம் இந்த வருஷம் பனி கடுமை என்று கேள்விப்பட்டேன். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நாங்கள் இருவரும் நலம்.

அப்பாவுக்கு நான் எழுதிய ஏழு கடிதத்துக்கும் பதில் இல்லை. அதனால் எட்டாவதை உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தைரியம் இல்லாவிட்டாலும் ஆர்வம் உண்டு, பிரித்துப் பார்த்துவிடுவாய்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன் அண்ணா. ஏழாம் மாதம் பிரசவம் ஆகும் என்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கன்ரோகுவோடு கிளம்பிய அன்று அப்பா வாசலில் நின்று சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். "பொணத்த வெட்டுறவன் கைச்சோறு திங்கப் போறவ எனக்கு மகளே இல்ல" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "உங்க வாள் வெட்டும்னு ஊருக்குச் சொல்றதே அந்தப் பொணந்தானேப்பா" என்று கேட்டுத் தொலைத்தேன். தலை போன குற்றவாளிகளின் உடலில்தான் புது வாளைச் சோதிக்கிறார்கள், அதைச் செய்கிற வீட்டில் என் புருஷனுக்கு வேலை. இதில் நான் சொன்ன பொய் என்ன?

பொய் இல்லாததால்தான் அவருக்குக் கோபம் ஆறவில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். என் பிள்ளைக்கு அவர் வாயால் ஒரு பெயர் வர வேண்டும். வந்தால் என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன். நல்ல நேரம் பார்த்துக் கேள். வாள் உடைத்த நாளில் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மிட்சு


பிசென்
இரண்டாம் மாதம் 18

அருமைத் தங்கை மிட்சுவுக்கு,

பிளம் பூத்துவிட்டது. அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, ஆனால் சம்மட்டி பிடிக்கும்போது வருவதில்லை. உன் அண்ணிக்கு முழங்கால் அப்படியேதான். நீ வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறாயா? குளிரில் கிணற்றடிக்குப் போகாதே.

நீ சொன்னபடி நல்ல நேரம் பார்க்கத்தான் காத்திருந்தேன். அவரோ இந்த வருஷத்தின் இரண்டாவது வாளையும் உடைத்துவிட்டார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கேட்டால், "உனக்குத் தெரியலங்கறதுதான்டா அதுல இருக்கிற குறை" என்கிறார். நாற்பது வருஷமாகப் பத்து வாளில் ஒன்பதை உடைத்துத்தான் ஹிசாமோரி என்ற பெயர் வந்தது என்று ஊர் பெருமையாகப் பேசுகிறது. உடைந்ததைப் பொறுக்குகிறவன் நான்.

கடைசியில் கேட்டுவிட்டேன். "அவன் வெட்டுற ஆளுங்களுக்குப் பேர் இருக்குமில்ல, அதுல ஒண்ண வெச்சுக்கச் சொல்லு" என்றார். மனசைத் தேற்றிக்கொள். ஆனால் மத்தியானம் கரி அள்ளிக்கொண்டே, "எந்த மாசம்?" என்றார். "எது எந்த மாசம்?" என்றேன். "நடிக்காதடா" என்றார்.

இன்னொரு செய்தி. பிரபுவின் ஆயுத அதிகாரி வந்திருந்தார். எடோவில் ஷோகுன் மாளிகைக்குப் பரிசாகப் போக ஒரு நீள வாள் வேண்டுமாம். வழக்கம்போல எட்டாம் மாதம் என்று தேதி பொறித்துக் கொடுக்க வேண்டும். "ஹிசாமோரி கையாலதான் ஆகணும். கெழவருக்கு முடியலன்னா இப்பவே சொல்லிடு, நான் ஒசாகாவுக்குப் போறேன். ஆனா அப்புறம் இந்தப் பட்டறை பிரபுவோட பட்டறையா இருக்காது" என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். பட்டறையை நம்பி இங்கே பதினோரு வீடு இருக்கிறது. அப்பா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
ஹெய்ஷிரோ


எடோ
மூன்றாம் மாதம் 18

அன்புள்ள அண்ணா,

இங்கே செர்ரிப் பூ கொட்டித் தெருவெல்லாம் சேறு. எனக்கு வாந்தி நின்றுவிட்டது. உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை.

"எந்த மாசம்" என்று அவர் கேட்டதை நான் கன்ரோகுவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். "போதும், அஞ்சாவது தடவ உங்கப்பா சொல்ற மாதிரியே இருமிக் காட்டுவே போல" என்று கேலி செய்கிறார். செய்யட்டும்.

ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் ஒரே ஒரு வரி எழுது. பெண்பிள்ளை எடோவை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். காரணம் எழுதிக் கேட்க வேண்டும், அதை நம் பிரபுவின் எடோ மாளிகையில் ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் மட்டும் இருந்தால் பத்தே நாளில் வாங்கிவிடலாம் என்கிறார் கன்ரோகு. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவர் என்னைத் திட்டினாலும் சரி, நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணிக்கு இதமான ஒத்தடத் துணி அனுப்பியிருக்கிறேன்.
மிட்சு


எடோ
நான்காம் மாதம் 28

அண்ணா,

எல்லோரும் சுகந்தானே? நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு துண்டுத்தாள் இல்லை. என் கடிதம் வந்ததா? இல்லை, தபால்காரன் ஆற்றில் விழுந்துவிட்டானா?

பிள்ளை உதைக்கிறான். இப்படி உதைப்பவன் பையனாகத்தான் இருப்பான் என்று பக்கத்து வீட்டு மருத்துவச்சி அடித்துச் சொல்கிறாள். அப்பா எப்படி இருக்கிறார்? பெயர் இல்லாவிட்டாலும் போகட்டும். அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மிட்சு


பிசென்
ஐந்தாம் மாதம் 22

அருமைத் தங்கை மிட்சுவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உன் உடல்நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை கடுமை. துணைக்கு இருந்த இருவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டேன். உன் அண்ணிதான் துருத்தி இழுக்கிறாள். பெண்கள் பட்டறைக்குள் வரக்கூடாது என்பது எனக்கும் தெரியும். இந்த ஒரு வாளுக்காக.

அப்பா விரதத்தில் இருக்கிறார். பிரபுவின் வாளை முடிக்கும்வரை யாரையும் பார்ப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. ஊரிலும் அப்படியே சொல்லியிருக்கிறேன். நீ வர வேண்டாம். மழை, வழியெல்லாம் வழுக்கல், நிறைமாதம். வர வேண்டாம்.

உனக்கு நல்ல செய்தி ஒன்று. உன்னைப் பற்றி அப்பா சொன்னார். "என் மகள் நெருப்புக்குப் பிறந்தவள், நெருப்பு தன் வழியில் போனதற்கு நான் கோபிக்கலாகாது. அவள் பிழை முழுவதையும் மறந்தேன். ஆண் பிறந்தால் என் பெயரில் பாதியை எடுத்து மோரிமாரு என்று அழைக்கட்டும்" என்றார்.

நீ நிம்மதியாகப் பெற்றெடு. அப்பா நலம்.
ஹெய்ஷிரோ


எடோ
ஏழாம் மாதம் 24

அன்புள்ள அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வெயில் கொளுத்துகிறது. அங்கே உலைக்கு முன்னால் நீங்கள் எப்படித்தான் தாங்குகிறீர்களோ. எல்லோரும் கஞ்சித்தண்ணீர் போல எதையாவது குடித்துக்கொண்டே இருங்கள்.

மோரிமாரு பிறந்துவிட்டான். பதினேழாம் நாள் காலையில். கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது, கத்தல் மட்டும் கொஞ்சம் அதிகம். பிறந்தவுடன் அவன் காதில், "இது உன் தாத்தா வெச்ச பேரு, பத்திரம்" என்று சொன்னேன். கன்ரோகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நாளும் பொழுதும் தலையில்லாத உடம்பைப் பார்க்கிற மனிதர்.

அண்ணா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே: அப்பா இவ்வளவு அழகாகப் பேசுவாரா? "பிழை முழுவதையும் மறந்தேன்" என்றா சொன்னார்? நான் இருந்த வரையில் "சரி போ" என்பதே அவர் வாயிலிருந்து வந்த பெரிய வாழ்த்து. வயது ஆக ஆக வாய் இனிக்குமோ என்னவோ. எப்படியானாலும் அந்தக் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

மிட்சு, கன்ரோகு, மோரிமாரு


பிசென்
ஒன்பதாம் மாதம் 2

தங்கை மிட்சுவுக்கு,

நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

எட்டாம் மாதம் இருபதாம் நாள் அப்பா இறந்துவிட்டார். வாளில் பெயரையும் தேதியையும் பொறித்து முடித்த மூன்றாம் நாள். அதிகம் கஷ்டப்படவில்லை. பிரபுவின் ஆட்கள் வந்திருந்தார்கள். ஊரே பின்னால் நடந்தது. கோயில் குரு நல்ல மந்திரமாகச் சொன்னார்.

வாள் எடோவுக்குப் புறப்பட்டுவிட்டது. அப்பாவின் வெள்ளை அங்கியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அதைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அவரும் கூடப் போகட்டும் என்று தோன்றியது.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பால் வற்றிவிடும்.
ஹெய்ஷிரோ


எடோ
பத்தாம் மாதம் 12

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சாப்பிடுகிறீர்களா? உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் அழுதபடியேதான் சமைக்கிறேன். கன்ரோகு உப்புப் போட வேண்டாம் என்கிறார்.

வாள் வந்தது. சோதிக்கும் வேலை என் புருஷனுக்கே கிடைத்தது. மூன்றாம் நாள் காலை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உடல். இரண்டையும் அறுத்துக்கொண்டு மண்மேட்டில் அரை சாண் இறங்கியதாம். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அவர் வேலை செய்கிற வீட்டின் தலைவர் வாளைக் கழுவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஹிசாமோரி செஞ்சதுலயே இதாம்பா ஒசத்தி. கெழவன் நல்லத கடைசிக்குன்னு ஒளிச்சு வெச்சிருந்திருக்கான்" என்றாராம். கைப்பிடிக்குள் போகும் தண்டில் அப்பா பெயர், பின்பக்கம் எட்டாம் மாதம் என்ற தேதி, பக்கத்தில் தங்கத்தால் "இரண்டு உடல் வெட்டியது, கன்ரோகு" என்று பதித்துவிட்டார்கள். அப்பா பெயரும் என் புருஷன் பெயரும் ஒரே இரும்பில்! அவர் உயிரோடு இருந்தால் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கமாட்டார். அப்புறம் ஒப்புக்கொண்டிருப்பார்.

புது உறை போட்டதும் சுற்றி வந்த துணியைக் கன்ரோகு கேட்டு வாங்கி வந்தார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தோள்பட்டையில் நான் போட்ட தையல், எனக்குப் பதினாறு வயதில் போட்டது. அதில்தான் குழந்தையைச் சுற்றி வைத்திருக்கிறேன். நாலு நாளாக அவனுக்கு இருமல், காய்ச்சலும் இருக்கிறது. தாத்தாவின் துணி காப்பாற்றும்.

மிட்சு


பிசென்
பத்தாம் மாதம் 28
விரைவுத் தபால்

மிட்சு,

துணியை எடுத்துவிடு. இதை வாசித்தவுடன் குழந்தை மேலிருந்து எடுத்து எரித்துவிடு. கோயிலில் உப்பும் தண்ணீரும் வாங்கி வீடு முழுக்கத் தெளி.

அது தீட்டுத் துணி. அப்பா உயிர் விட்டபோது உடுத்தியிருந்தது. உடம்பிலிருந்து கிழித்தேன்.

அவர் இறந்தது எட்டாம் மாதம் இல்லை. நான்காம் மாதம் பதினொன்று. நானும் உன் அண்ணியும் குருவுமாக விடிவதற்குள் கோயிலுக்குப் பின்னால் புதைத்தோம். எட்டாம் மாதம் ஊர் தூக்கிச் சென்ற பெட்டியில் கரிமூட்டை இருந்தது. அதற்குப் பின்னால் பிரபுவின் ஆட்கள் தலை குனிந்து நடந்தார்கள்.

எட்டாம் மாதம் என்று தேதி போட்ட வாளை நான்காம் மாதம் செத்தவர் செய்ய முடியாது. அதனால் அவரை எட்டாம் மாதம்வரை வைத்திருந்தேன். சாவு விழுந்த வீட்டில், நாற்பத்தொன்பது நாள் தீட்டுக்கூடக் கழியாமல், உலையைச் சுற்றிப் புனிதக் கயிறு கட்டி, வெள்ளை உடுத்தி, தீட்டோடு இரும்பைத் தொட்டேன். தண்ணீரில் தோய்க்கும்போது அது வெடிக்கும் என்று நிச்சயமாக இருந்தேன். வெடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெடிக்கவில்லை. அவ்வளவு நல்ல வாளை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை, இனியும் செய்யப்போவதில்லை. அது என் வாள் மிட்சு. உன் ஒருத்தியிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

ஐந்தாம் மாதம் எழுதிய மன்னிப்பும் நான் எழுதியது. பெயரும் நான் வைத்ததுதான். உன் மனசு நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் துணியை எரி. அப்புறம் என்னைத் திட்டு.
ஹெய்ஷிரோ


எடோ
பதினோராம் மாதம் 12

அண்ணா,

உன் கடிதம் வந்தபோது குழந்தை போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

துணியை எரிக்க முடியாது. அதிலேயே சுற்றித்தான் புதைத்தோம்.

உன் தீட்டு அவனைக் கொல்லவில்லை. இந்தச் சந்தில் மட்டும் அதே இருமலில் ஐந்து குழந்தைகள் போயின. மற்ற நாலும் எந்த வாளின் துணியிலும் படுக்கவில்லை. நீ நினைக்கிற அளவுக்கு உன் பாவத்துக்குப் பலம் இல்லை. அதனால் அந்தக் கவலையை விடு.

எனக்கு ஒரு பதில் வேண்டும். அப்பா கடைசியில் என்னைப் பற்றி நிஜமாக என்ன சொன்னார்? திட்டியிருந்தால் திட்டினார் என்று எழுது. ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுது. அழகுபடுத்தாதே. அழகுபடுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும்.

மிட்சு


பிசென்
பன்னிரண்டாம் மாதம் 5

மிட்சுவுக்கு,

குழந்தைக்காகக் கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறோம். உன் அண்ணி எழுந்திருக்கவே இல்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். இரண்டாம் மாதம் இருபத்தாறு அன்று அப்பா உலைக்கு முன்னால் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சு இருந்தது. அன்று சாயங்காலமே சொன்னார். "மிட்சுக்கு எழுதுடா. வரச் சொல்லு."

நாற்பத்தைந்து நாள் கிடந்தார். எழுதியிருந்தால் நீ வந்து சேர்ந்திருப்பாய், அதற்கு நாள் இருந்தது. ஆனால் காரணம் எழுதாமல் உனக்குச் சீட்டுக் கிடைக்காது. எழுதினால் பிரபுவின் மாளிகைக்குத் தெரிந்துவிடும், வாள் ஒசாகாவுக்குப் போய்விடும். பதினோரு வீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும் இல்லை. அந்த வாளை நான் செய்ய வேண்டும் என்றும் இருந்தது.

"எழுதிட்டேம்பா" என்றேன்.

தினமும் கேட்டார். "கெளம்பிட்டாளா?" கிளம்பிவிட்டாய் என்றேன். "இன்னிக்கு எங்க இருப்பா?" எனக்கு அந்த வழி தெரியும், அதனால் ஒவ்வொரு ஊராகச் சொன்னேன். ஹாகோனே மலையில் கால் வீங்கியது என்று உன்னை இரண்டு நாள் நிறுத்தினேன். ஆளைத் தோளில் தூக்கிக் கடத்துகிற ஓயி ஆற்றில் வெள்ளம் என்று ஐந்து நாள் நிறுத்தினேன். "வயித்துப்புள்ளக்காரி, தோள்ல தூக்கிட்டுப் போறவன் நல்ல ஆளா பாத்துப் புடிச்சிருப்பாளா?" என்று அந்த ஐந்து நாளும் கேட்டார். பிடித்திருப்பாய் என்றேன். பெயரைப் பற்றிக் கேட்டபோது, "மொதல்ல அவ வரட்டும். பேர அப்புறம் பாத்துக்கலாம், புள்ள மூஞ்சியப் பாக்காம என்ன பேரு" என்றார்.

உன் மூன்றாம் மாதக் கடிதம் நான்காம் மாதம் ஏழாம் நாள் வந்தது. ஒரு வரி எழுது என்று கேட்டிருந்தாய். அப்போது அவர் உயிரோடு இருந்தார். பக்கத்து அறையில் உட்கார்ந்து அதை வாசித்தேன்.

பதினொன்றாம் நாள் உன்னை ஹிமேஜிவரை கொண்டுவந்திருந்தேன். "அப்ப ரெண்டு நாள்தான்" என்றார். "கால் கழுவ வெந்நி வெக்கச் சொல்லு உம்பொண்டாட்டிகிட்ட. மறந்துடப் போறா." அதுதான் கடைசி.

அழகுபடுத்தவில்லை.
ஹெய்ஷிரோ


எடோ
கன்பூன் ஏழாம் ஆண்டு, முதல் மாதம் 8

அண்ணா,

யாரிடமும் சொல்லமாட்டேன். அந்த வாளில் உன் பொய்க்குப் பக்கத்தில் என் புருஷன் பெயர் தங்கத்தில் இருக்கிறது. அவருக்கும் இதுவரை சொல்லவில்லை. அது இப்போது ஷோகுனின் மாளிகையில் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் ஹிசாமோரியைப் போல இனி ஒருவன் பிறக்கப்போவதில்லை என்கிறார்களாம். உனக்கு இரண்டாம் ஹிசாமோரி என்ற பட்டம் வருகிறது என்று நம் பிரபுவின் மாளிகைப் பக்கம் பேச்சு. வாங்கிக்கொள்.

உன்னை மன்னித்ததாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாகிவிட்டது. அப்பா என்னை மூன்று வருஷம் வெறுத்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததைத் தாங்கிவிட்டேன். நாற்பத்தைந்து நாள் அவர் வாசலைப் பார்த்துக் கிடந்தார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கல்லறைக் கல்லில் எட்டாம் மாதம் இருபது என்று வெட்டிவிட்டாய். அந்த நாளில் பிரபுவின் ஆட்கள் வருவார்கள், ஊர் வரும், குரு வருவார். நீ முன்னால் உட்கார்ந்து அழு.

நான்காம் மாதம் பதினொன்றில் நான் இங்கே ஊதுவத்தி ஏற்றிச் சோறு வைப்பேன். அன்று நீ வைக்க முடியாது. கோயிலுக்குப் போக முடியாது, விரதம் இருக்க முடியாது, முகம் வாடினால்கூட யாராவது ஏன் என்று கேட்பார்கள். மற்ற நாளைப் போல மீன் தின்றுவிட்டு, பட்டறையைத் திறந்து, ஊருக்குக் கேட்கிற மாதிரி சம்மட்டி அடிக்க வேண்டும். அடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான்.

பதில் வேண்டாம்.
மிட்சு